முப்பது கவடு

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், சோற்றில் கை வைக்கிற நேரம், இங்கிலாந்திலிருந்து மச்சான் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஈரப் புல்லின் மேல் பதினொரு கோழி வரிசையாகக் கிடக்கிறது, பாதிக்குத் தலை இல்லை. பன்னிரண்டாவதை மட்டும் நரி கொண்டு போய்விட்டதாம். படத்துக்குக் கீழே குரல் பதிவு: "மச்சான், உவரைச் சுடத்தான் வேணும். என்ன தோட்டா வாங்க?"

அவன் கென்ட் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் காணி வாங்கி, வேலையிலிருந்து ஓய்வெடுத்தபின் கோழியும் கத்தரியும் வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வருஷம் லண்டனில் இருந்தவன், அறுபது வயதில் கமக்காரன் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் களிமண் தட்டுச் சுடுகிற விளையாட்டுக்குப் போகிறவன் என்பதால் லைசன்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துவக்கும் வீட்டில் உண்டு. தோட்டாவை மட்டும் என்னிடம் கேட்கிறான். நான் இருப்பது வன்னியில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், என்னிடம் ஒரு கவணும் கிடையாது. ஆனால் சின்ன வயதில் அப்புவின் துவக்குக்குப் பின்னால் திரிந்தவன் நான்தான், அவன் யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போனவன். அந்தக் கணக்கு அவனுக்கு இன்னும் ஞாபகம்.

முதலில் ஒரு சொல் தகராறு. அவன் நரி என்றது பொக்ஸை. எனக்கு நரி என்றால் பொழுதுபடக் குளக்கட்டில் ஊளையிடுகிற நரி. பொக்ஸ் என்கிற செந்நிற மிருகம் இலங்கையில் கிடையவே கிடையாது; நம்முடையது ஜக்கல், நாய்க்கும் ஓநாய்க்கும் கிட்டிய சொந்தம். இங்கிலாந்து நரி ஐந்து முதல் ஏழு கிலோதான் வரும், அடர்ந்த மயிரும் பெரிய வாலும் அதை இரண்டு மடங்காகக் காட்டும். நாம் நரி என்று பார்ப்பதில் பாதி மயிர். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சுடுகிறவன் மயிரைப் பார்த்துச் சுட்டால் குண்டு மயிருக்குள்ளால்தான் போகும்.

அடுத்து அவன் கையில் இருந்த தோட்டா. தட்டுச் சுடுகிற ஏழரை நம்பர், உள்ளே 28 கிராம் ஈயக் குண்டு. (நம்பர் என்பது குண்டின் பருமன், நம்பர் கூடக் கூடக் குண்டு சின்னதாகும்.) "உது காணாதோ, கிட்ட வந்தால்?" என்று கேட்டான். ஏழரை என்றதும் எனக்குச் சனிதான் ஞாபகம் வந்தது, வந்ததும் சரிதான். அந்தத் தோட்டாவுக்குள் ஏறக்குறைய நானூறு குண்டு, ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. களிமண் தட்டை உடைக்க அது போதும். நரியின் தோலில் அது நிறையத் துளை போடும், உள்ளே போகாது. நரி ஓடிவிடும், சுட்டவன் தவறிவிட்டது என்று நினைப்பான், ஆனால் தவறியிருக்காது. ஒரு கிழமைக்குப் பிறகு ஏதோ ஒரு வேலிக்கடியில் அந்த நரி சீழ் பிடித்துச் சாகும். அதை யாரும் காணமாட்டார்கள் என்பதால்தான் "ஏழரை நம்பரால் நான் எத்தனை நரி விழுத்தியிருக்கிறேன்" என்கிற கதைகள் எல்லா ஊரிலும் உலாவுகின்றன.

நான் ஒன்றைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

1979 என்று நினைக்கிறேன், எனக்கு ஒன்பது வயது. அப்புவிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது, பன்னிரண்டு போர், பயிர்க்காவலுக்கென்று கச்சேரியில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிப்பார். (இந்தப் "போர்" துவக்குக் குழலின் அளவு. அந்தக் குழலுக்குள் சரியாகப் போகிற ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல், அதனால் பன்னிரண்டு போர். வன்னியில் உட்கார்ந்து இந்தச் சொல்லை எழுத ஒரு மாதிரித்தான் இருக்கிறது, வேறு சொல்லும் இல்லை.) பங்குனி வெயில், ஆட்டுப்பட்டியில் மூன்று நாளாகக் குட்டி குறைகிறது. நாலாம் நாள் பொழுதுபட, நரி குளக்கட்டுக்கு மேலால் வந்து நின்றது. துவக்கில் இருந்தது புறாவுக்குப் போட்ட நாலாம் நம்பர். தூரம் அறுபது கவடுக்குக் குறையாது. (கவடு என்றால் ஒரு நீள எட்டு, ஏறக்குறைய ஒரு யார், அதாவது ஒரு கெஜம்.) அப்பு சுட்டார்.

நரி ஒருமுறை சுற்றியது, தன் பின்தொடையைத் தானே கடித்தது, பிறகு உலுவிந்தைப் பற்றைக்குள் போய்விட்டது. "பட்டிட்டுது" என்று சந்தோஷப்பட்டேன். அப்பு ஒன்றும் பேசவில்லை. லாம்பு பிடித்துக்கொண்டு இரவு பத்து மணிவரை தேடினார், அடுத்த நாளும் தேடினார். மூன்றாம் நாள் காகம் காட்டிக் கொடுத்தது. கிடைத்தபோது அதற்கு உயிர் இருந்தது. ஒரு கண் போய்விட்டது, கீழ்த்தாடை தொங்குகிறது, தொடையில் பச்சை இலையான் மொய்க்கிறது, தண்ணீரைப் பார்த்தபடி குளத்தின் அலைகரையில் படுத்திருக்கிறது, குடிக்க வாய் இல்லை. அப்பு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டபின்தான் திரும்பினேன்.

அன்று பின்னேரம் அவர் செய்த வேலையைத்தான் மச்சானுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், நாற்பத்தைந்து வருஷம் கழித்து, வீடியோக் கோலில்.

திண்ணையில் கிடந்த பழைய பனையோலைப் பாயை எடுத்துப் போய் இரண்டு வீரைக்கம்புக்கு நடுவில் கட்டினார். நடுவில் உரித்த தேங்காய் அளவுக்குக் கரியால் ஒரு வட்டம். "இதுதான் நரி. மிச்சமெல்லாம் மயிர்" என்றார். நரியின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் சுவாசப்பையும் இருக்கிற இடம் உண்மையாகவே அவ்வளவுதான். இருபது கவடில் நின்று ஒரு வெடி, முப்பதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, ஒவ்வொரு முறையும் பாயை இடம் மாற்றிப் புது வட்டம் கீறி. ஓட்டைகளை நான்தான் ஈர்க்கு குத்திக் குத்தி எண்ணினேன். தோட்டா விலை தெரிந்த ஆட்களுக்குத்தான் தெரியும், அந்தக் காலத்தில் பாய்க்கு மூன்று வெடி வைப்பது எவ்வளவு பெரிய செலவு என்று. அம்மாச்சி பாயைப் பார்த்து ஏசினது தனிக் கதை.

நாற்பது கவடில் கரி வட்டத்துக்குள் இருந்தவை இரண்டு ஓட்டை. அதில் ஒன்று பாயின் முன் ஓலையில் சிக்கி நின்றது, பின்னால் வரவில்லை. அதற்குப் பிறகு அப்பு மிருகம் எதையும் முப்பது கவடுக்கு மேல் சுட்டதில்லை, நரிக்கென்று நாலாம் நம்பர் போட்டதும் இல்லை.

சரி, இப்போது மச்சானுடைய கேள்விக்கு வருவோம்.

ஷொட்கன், அதாவது ஒரே வெடியில் பல குண்டைத் தெறிக்கிற துவக்கு. அதன் தோட்டாவில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். குண்டு பெரிதானால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை கூடினால் குண்டு சின்னதாகும். நரிக்கு இரண்டுமே வேண்டும்: எலும்பையும் தசையையும் தாண்டி நெஞ்சுக்குள் போகிற பாரம், அந்தத் தேங்காய் அளவு இடத்தில் குறைந்தது மூன்று நாலு குண்டாவது விழுகிற நெருக்கம். 36 கிராம் ஈயத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் அளவில் ட்ரிபிள் ஏ என்றால் குண்டு 5.2 மில்லிமீற்றர், தோட்டாவுக்குள் நாற்பத்தைந்து போல வரும். பீபீ என்றால் 4.1 மில்லிமீற்றர், தொண்ணூறு போல. நாலாம் நம்பர் 3.1, இருநூறுக்குக் கொஞ்சம் மேலே. நம் ஊரில் பன்றிக்குப் பெயர்போன எஸ்.ஜி. 8.4 மில்லிமீற்றர், மொத்தமே பத்துக் குண்டுதான்.

அங்கே கடைக்காரர் ட்ரிபிள் ஏ என்றிருக்கிறார், பக்கத்துக் காணிக்காரர் பீபீ என்றிருக்கிறார், மச்சானுக்கு மனதுக்குள் எஸ்.ஜி. ஆசை. பெரிய குண்டு, பெரிய நம்பிக்கை. ஊரில் பன்றிக்கு எஸ்.ஜி. போடுவார்கள் என்று கேள்விப்பட்டு வளர்ந்த ஆள். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அரைச் சோக் போட்ட, அதாவது வாய் கொஞ்சம் ஒடுங்கிய குழல், 40 யார் தூரத்தில், 76 சென்ரிமீற்றர் அகல வட்டத்துக்குள் நூற்றுக்கு அறுபது குண்டை விழுத்தும் என்பது பொது அளவு. அந்த வட்டத்தின் பரப்பில் நம் தேங்காய் நாற்பதில் ஒரு பங்கு. எஸ்.ஜி.யில் பத்துக்கு ஆறு குண்டு வட்டத்துக்குள் விழும், அந்த ஆறுக்கு நடுவில் ஒரு நரி குடும்பத்தோடு நடந்து போகலாம். ட்ரிபிள் ஏயில் இருபத்தேழு விழும், சமமாகப் பரவினால் தேங்காய்க்கு ஒன்றுகூடச் சேராது. பீபீயில் ஐம்பத்துநாலு, தேங்காய்க்கு ஒன்றேகால். நாலாம் நம்பரில் மூன்று விழும்தான், ஆனால் அவ்வளவு தூரத்தில் அந்தச் சின்னக் குண்டில் பலம் இருக்காது, அப்புவின் பாயில் சிக்கி நின்றதே அதுதான்.

ஆக 40 யாரில் எந்தத் தோட்டாவும் சரியில்லை. இதை மச்சான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் நாற்பதுக்கு மேலேயும் அடிக்கும் என்று போட்டிருக்கிறதாம். பெட்டியில் போட்டிருப்பது குண்டு போய்ச் சேருகிற கதை, எத்தனை சேரும் என்பது பெட்டியில் இருக்காது.

இப்போது அதே குழலை 25 யாருக்குக் கொண்டு வாருங்கள். குண்டுகள் இன்னும் கலையாமல் ஐம்பது சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். அங்கே தேங்காய்க்குப் பீபீயில் நாலைந்து, ட்ரிபிள் ஏயில் இரண்டுக்கு மேல். நடுவில் எப்போதும் கொஞ்சம் அடர்த்தி கூட விழும் என்பதால் உண்மையில் இன்னும் நன்றாகவே வரும், கழுத்தும் தலையும் சேர்ந்தால் இன்னும். என் தேர்வு பீபீ, 36 கிராம், அரைச் சோக், 30 யாருக்குள். ட்ரிபிள் ஏ பிடிக்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் அவர்கள் தூரத்தை இன்னும் குறைக்க வேண்டும் என்பேன். பெரிய குண்டு வைத்திருக்கிறவன்தான் தூரத்தில் சுட ஆசைப்படுவான், அவனுக்குத்தான் எண்ணிக்கை காணாது. விசித்திரம்தான்.

சோக் என்றால் குழலின் வாய் கொஞ்சம் ஒடுங்கியிருப்பது. குழாய்த் தண்ணீரின் வாயை விரலால் அமத்தினால் தண்ணீர் சேர்ந்து பாய்வது மாதிரி, குண்டுகள் கலையாமல் கொஞ்சத் தூரம் கூடப் போகும். முழுச் சோக் போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று அவன் கேட்டான். எப்போதும் இல்லை. பெரிய குண்டுகள் இறுக்கமான சோக்குக்குள் நெருக்குப்பட்டால் சில துவக்குகளில் சிதறல் மோசமாகிறது. எந்தத் துவக்கு எந்தத் தோட்டாவோடு ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்லலாம். அதற்குத்தான் பாய்.

கென்டில் பனையோலைப் பாய் ஏது? சுவருக்கு ஒட்டுகிற கடதாசிச் சுருள் ஒன்றை வாங்கி, வெட்டிச் சேர்த்து, பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பார்த்து மரச் சட்டத்தில் அடித்தான். மூன்று வகைத் தோட்டா, இரண்டு தூரம். படங்களை அனுப்பினான். இங்கே திண்ணையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைப் பெருப்பித்துப் பெருப்பித்து, ஓட்டைகளை எண்ணினேன். மருமகள் பார்த்துவிட்டு "மாமா, அம்மை போட்ட கடதாசி மாதிரி இருக்கு" என்றாள். அவனுடைய துவக்குக்கு ஒரு கொம்பனியின் பீபீ வட்டத்துக்குள் அழகாக விழுந்தது, இன்னொரு கொம்பனியின் அதே பீபீ இடது பக்கம் ஒரு கை அகலம் வெறுமையாக விட்டது. இரண்டுக்கும் பெட்டியில் ஒரே நம்பர், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. பெட்டியைப் பார்த்து வாங்கியிருந்தால் அந்த வெறுமைக்குள் ஒரு நரி நின்றிருக்கும்.

துவக்கைப் பற்றியும் கேட்டான். புதிதாக ஒரு மக்னம் வாங்கலாமா என்ற ஆசை. மூன்றரை அங்குலத் தோட்டா போகிற துவக்கு. வேண்டாம் என்றேன். அவன் தோளுக்குப் பழகிய, தட்டுச் சுட்டுச் சுட்டுக் கை தானாகப் போய்ச் சேருகிற அந்தப் பன்னிரண்டு போரைவிட நல்ல துவக்கு அவனுக்குக் கிடையாது. உதை பலமான துவக்கு சுடுகிறவனைக் கண்மூட வைக்கும், கண்மூடினவன் நெஞ்சைப் பார்த்துச் சுடமாட்டான். இருபது போர் என்றாலும் கிட்டத்தில் ஆகும், தோட்டாவில் குண்டு குறைவு என்பதால் தூரத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நாலு பத்து என்று அங்கே சொல்கிற அந்த ஒல்லிக் குழல் எலிக்கும் முயலுக்கும் சரி, நரிக்குக் கொண்டு வராதே. குழலின் அடியில் தோட்டா இருக்கிற அறையின் நீளத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். 70 மில்லிமீற்றர் அறைக்குள் 76 தோட்டா நுழையும், ஆனால் அது வெடிக்கும்போது விரிய இடம் இராது, அழுத்தம் எகிறிவிடும். நுழைந்தது என்பதற்காகச் சுடக்கூடாது. எண் குழலின் அடியில் பொறித்திருக்கும்.

இன்னொரு சிக்கல் ஈயம். இங்கிலாந்தில் நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு 1999இலிருந்தே தடை, 2025இல் பெரும்பாலான வேட்டைத் தோட்டாவுக்கும் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்துவிட்டது. அதனால் உருக்குக் குண்டைப் பழகுவோமா என்றான். பழகலாம், ஆனால் உருக்கு ஈயத்தைவிட எவ்வளவோ இலேசு. ஒரு கன சென்ரிமீற்றர் ஈயம் 11.3 கிராம், உருக்கு 7.8தான். எறிந்து பார்த்தாலே தெரியும், இலேசான கல் சீக்கிரம் களைத்துவிடும். அதே பலம் வேண்டுமென்றால் இரண்டு அளவு பெரிய குண்டு எடுக்க வேண்டும், தூரத்தையும் குறைக்க வேண்டும். பெரிய உருக்குக் குண்டை அரைச் சோக்குக்கு மேல் இறுக்கமான குழலால் சுடக்கூடாது, ஈயம் மாதிரி அது நெளிந்து கொடுக்காது. வேகமான உருக்குத் தோட்டாவுக்கென்று சோதித்த குழலில் ஒரு பூ முத்திரை குத்தியிருக்கும். அவனுடைய துவக்கில் அந்த முத்திரை இல்லை, பழையது. கையிலிருக்கிற ஈயத்தையே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டோம்.

பிரிட்டனில் நரியைச் சுட ஷொட்கன் நல்ல ஆயுதமா என்பதே பெரிய விவாதம். நாய்களை விட்டு நரி வேட்டையாடுகிற விவகாரத்தை விசாரிக்க 1999 கடைசியில் பேர்ன்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 2000இல் அறிக்கை வந்தது. இரவில் லைற் பிடித்து றைபிளால் முறையாகச் சுடுவது, நாய்களை விட்டுத் துரத்துவதைவிட நரிக்குக் குறைந்த துன்பம் என்று அந்தக் குழு சொன்னது. ஷொட்கனைப் பற்றி, குறிப்பாகப் பகலில், அப்படி நம்பிக்கையாகச் சொல்ல அவர்கள் தயாராக இல்லை. காயப்பட்டு ஓடுவதுதான் காரணம். பிறகு 2004இல் நாய்விட்டு வேட்டையாடுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். றைபிளுக்கு அங்கே வேறு சான்றிதழ், பொலிஸுக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், சன்னம் போய்ச் சேருகிற தூரத்துக்குக் காணியும் தோதாக இருக்க வேண்டும். மச்சானுடைய இரண்டு ஏக்கருக்கு அப்பால் தெருவும் வீடும். அதனால் ஷொட்கன்தான், அதனால்தான் தூரம் தூரம் என்று அவனுடைய உயிரை எடுத்தேன்.

நாலு சிவப்புத் தடி வெட்டச் சொன்னேன். கோழிக்கூட்டுக்கு எதிரே அவன் இருக்கப்போகிற கொட்டிலின் வாசலிலிருந்து நீளக் கவடாக முப்பது எண்ணி, நாலு திசையிலும் ஒவ்வொரு தடி. அந்தியில் கண் தூரத்தைப் பிழையாகக் காட்டும், அது யாருக்கும் நடக்கலாம், அப்புவுக்கே நடந்தது. தடிக்கு அங்கால நின்றால் அது நரி இல்லை, வெறும் படம். தடிக்கு இங்கால வந்தாலும் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறு, முன்னங்காலுக்குப் பின்னால் பார். வாலைக் காட்டிப் போகிற நரியைச் சுடாதே. முதல் வெடியில் விழுந்தாலும் இரண்டாவதைத் தயாராக வைத்துக்கொள், அசைந்தால் யோசிக்காதே. லைற்றில் இரண்டு கண் மின்னினால் அது யாரோ ஒருவருடைய பூனையாகவும் இருக்கலாம், முழு உடம்பும் தெரியும்வரை விரலை வெளியே வை. பின்னால் மண் இருக்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் அங்கே பெட்டை குட்டி போடும். அந்த நேரம் பெட்டையைச் சுட்டால் வளைக்குள் நாலைந்து குட்டி பசியில் கத்திக் கத்திச் சாகும். சட்டம் நரிக்கு அங்கே மூடுகாலம் ஒன்றும் வைக்கவில்லை, அதனால் சுடலாம். நான் அவனிடம் தைக்கு முன் முடித்துவிடு, இல்லையென்றால் ஆடிவரை கூட்டைப் பூட்டு என்றேன்.

இவ்வளவும் சொன்னபிறகு அவன் கேட்டான், "நீ இருந்தால் அங்கை சுடுவியோ?"

இல்லை. இங்கே நிலைமை வேறு. எண்பதுகளில் அப்புவின் துவக்கு கைமாறிப் போனது, யார் கொண்டு போனார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம், ஒரு ரசீதும் தரவில்லை. இப்போது துவக்கு லைசன்ஸ் எடுப்பதென்றால் கிராம சேவையாளரிலிருந்து மாவட்டச் செயலகம்வரை ஒரு நடை, கிடைத்தாலும் அது பயிர்க்காவலுக்கு. காட்டு மிருகத்தைத் தொடுவதென்றால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருக்கிறது, வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கக்கூடாது. அதைவிட, நரி இங்கே வயல் எலியைத் தின்கிறது, மயில் முட்டையைத் தின்கிறது. நரி குறைந்துதான் மயில் பெருகியது என்பது எந்த வயல்காரரைக் கேட்டாலும் சொல்லும் கதை. ஒரு காலத்தில் நரிக்கொம்பு என்கிற பைத்தியத்துக்காக வேறு கொன்றார்கள். மண்டையில் ஒரு கொம்பு முளைத்த நரி உண்டாம், அது கையில் இருந்தால் வழக்கில் வெல்லலாமாம். எமர்சன் ரெனன்ட் என்கிற வெள்ளைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார், இன்னும் கேட்கிற ஆட்கள் உண்டு.

விசர்நோய் (ரேபிஸ்) வேறு. பிரிட்டனில் நரிக்கு விசர் இல்லை, இங்கே உண்டு. பட்டப்பகலில் வீட்டு முற்றத்துக்கு வந்து, நாய்க்கும் பயப்படாமல், ஆட்களைப் பார்த்து வருகிற நரியென்றால் அது கோழிக்கு வந்த நரி இல்லை. அதைக் கையால் தொடக்கூடாது, கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. செத்த நரியைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்புவது தலையைத்தான், மூளையில்தான் கண்டுபிடிப்பார்கள்.

சத்தமும் ஒரு காரணம். 2009க்குப் பிறகு எங்கள் வீட்டில் வெடிச் சத்தம் சும்மா ஒரு சத்தம் இல்லை. யானை விரட்ட வெடி கொளுத்தினாலே அம்மா எழுந்து உட்கார்ந்து, விடியும்வரை படுக்கமாட்டா. ஒரு கோழிக்காக அதை நான் செய்யமாட்டேன்.

ஆனால் துவக்கு இல்லாத இடத்தில் மிருகம் சுகமாக இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். மிருகம் இடறினால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு இருக்கிறது, கம்பித் தடம் இருக்கிறது, பன்றிக்கென்று தீனிக்குள் வைக்கிற வெடி இருக்கிறது. அந்த வெடியைப் பன்றி மட்டுமா கடிக்கிறது? மாடு கடிக்கிறது, யானைக்குட்டி கடிக்கிறது, நரி கடித்துத் தாடை பிளந்து திரிகிறது. கட்டுத்துவக்கில் மாட்டுக்குப் போன மனுசனுக்குக் கால் போயிருக்கிறது. இடியன் என்கிற நாட்டுத்துவக்குக்குள் கிடைத்த இரும்பையெல்லாம் போட்டு இடித்துச் சுடுகிறவனிடம் எந்தப் பாயைக் கொண்டுபோய்க் கட்டுவது? அப்புவின் ஒற்றைக்குழல் இவற்றுக்குப் பக்கத்தில் எவ்வளவோ நேர்மையான சாமான்.

கார்த்திகை கடைசியில் மச்சானின் குரல் பதிவு. ஐந்து இரவு இருந்தானாம். இரண்டு இரவு நரி வரவில்லை, இரண்டு இரவு வந்து சிவப்புத் தடிக்கு அங்கால நின்று கொட்டிலையே பார்த்துவிட்டுப் போனதாம். "என்னைப் பகிடி பண்ணுது மச்சான்" என்றான். ஐந்தாம் இரவு தடிக்கு இங்கால, பிறகு எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு கவடு, பக்கவாட்டில். ஒரே வெடி. நின்ற இடத்திலேயே இருந்துவிட்டது. ஓட்டையை எண்ணு என்றேன். முதலில் மறுத்தான், பிறகு மயிரை விலக்கி எண்ணினான்: நெஞ்சில் ஐந்து, கழுத்தில் இரண்டு. கிழட்டுக் கடுவன், பல் தேய்ந்திருந்ததாம். அதைச் சொல்லும்போது அவனுடைய குரலில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து இன்னொரு படம். கூட்டு வாசலில் பூட்டிய கமராவில் விழுந்தது, இரவு இரண்டு மணி. வேறொரு நரி, இளசு, வெள்ளை வால் நுனி. காலியான இடத்துக்குப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. அவன் இப்போது கரண்ட் வலை விலை பார்க்கிறான், நரி கிண்டாமல் கம்பி வலையை நிலத்துக்குள் எவ்வளவு தாட்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறான். ஒரு முழம் தாட்டு, அடியில் வெளிப்பக்கமாக மடித்து விடு என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் எங்கள் கூட்டைப் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பலகையை விரலால் அமத்தினேன், விரல் உள்ளே போனது. கறையான். மேலே பன்னிரண்டு பேடும் ஒரு சேவலும் ஒன்றும் தெரியாமல் நித்திரை. பலகை வெட்டத் தம்பியாரின் பெடியனிடம் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் ஒரு தகரத்தைச் சாத்திக் கல்லு வைத்திருக்கிறது.